விரல் காயத்துக்கு வந்தவர்

1961 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, எங்கள் அப்பா கிணற்றடியில் விழுந்தார். வாளிக் கயிறு கையை விட்டு நழுவவில்லை. வாய் கோணி, வலது கையும் காலும் துவண்டு, மூன்றாம் நாள் உயிர் போயிற்று. வயது 51. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். ‘வாதம் அடிச்சிருச்சு’ என்று ஊரே சொன்னது. நன்றாக நடமாடிய மனுஷனை அது எங்கிருந்து வந்து அடித்தது என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது 14 வயது.

அந்த ஒரு வருஷத்தில் அப்பா மூன்று தடவை டவுன் டாக்டரிடம் போயிருந்தார். முதுகில் வந்த கட்டிக்கு ஒரு தடவை, விடாத இருமலுக்கு ஒரு தடவை, அக்காவுக்குக் காய்ச்சல் என்று கூட்டிக்கொண்டு ஒரு தடவை. மூன்று தடவையும் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதற்குள் மூடி திறந்த ஒரு மரப்பெட்டி. பெட்டியில் நிமிர்ந்து நின்ற கண்ணாடிக் குழாய், அதன் அடியில் பாதரசம், பக்கத்தில் சுருட்டிவைத்த துணிப்பட்டை, கையால் அமுக்குகிற ரப்பர் பந்து. பாதரசம் மினுங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த மூன்று தடவையும் அவர் அலமாரியைத் திறக்கவில்லை.

அவர்மேல் வெகுகாலம் கோபமாக இருந்தேன். நானே டாக்டருக்குப் படித்த பிறகுதான் அது தீர்ந்தது. அன்றைக்குப் பல நாடுகளிலும் வழக்கம் அப்படித்தான். தலைவலி, கிறுகிறுப்பு, மூச்சிரைப்பு என்று சொன்னவருக்குப் பிரஷர் பார்ப்பார்கள். கட்டிக்கு வந்தவருக்குக் கட்டியைக் கீறி, களிம்பு தடவி அனுப்புவார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவரின் கையில் பட்டை சுற்றப்பட்டது, பெரும்பாலும் இன்சூரன்ஸ் பாலிசிக்குச் சான்று எழுதும்போதுதான்.

ஒன்றுமில்லை என்பவரின் கையிலும் பட்டையைச் சுற்றும் வழக்கம் எப்படி வந்தது, யாரால் வந்தது என்பதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்திருந்தேன். தெற்கு வேல்ஸின் ஒரு பள்ளத்தாக்கில் 32 வருஷம் பொதுமருத்துவராக இருந்தவன் நான். அந்த வழக்கம் பிறந்த கிராமம் எங்களுக்குச் சில மலை முதுகுகள் தள்ளித்தான் இருக்கிறது.

கருவியின் கதை பலருக்கும் தெரிந்ததே. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு பெண்குதிரையைக் கட்டிப்போட்டு, அதன் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, கண்ணாடிக் குழாயில் இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதைக் கண்டார். 1733ல் அதைப் புத்தகமாக எழுதினார். 1896ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ரீவா ரோச்சி பட்டையும் பாதரசமும் கொண்ட கருவியைச் செய்தார். நாடியைத் தொட்டுப் பார்த்து மேல் எண்ணை மட்டும்தான் அதில் சொல்ல முடிந்தது. 1905ல் ரஷ்ய ராணுவ மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் சத்தம் தொடங்குவது ஒரு எண், அடங்குவது இன்னொரு எண் என்று ஒரு பக்கத்துக்கும் குறைவான குறிப்பில் எழுதினார். நாங்கள் இன்றைக்கும் காதில் வாங்குவது அந்தச் சத்தத்தைத்தான்.

இந்த எண்ணின் அருமையை டாக்டர்களுக்கு முன்பே அறிந்தவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1907லேயே பாலிசி கேட்டு வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்க்கத் தொடங்கிவிட்டது. எண் கூடக்கூட ஆயுள் குறைகிறது என்பது அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் பளிச்சென்று தெரிந்தது. காசு போட்டவர்கள் அதை நம்பினார்கள். மருத்துவம் படித்தவர்கள் நம்ப இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இரத்தக் குழாய் சுருங்கிப் போனவருக்கு உள்ளுறுப்புகள் வரை இரத்தம் போய்ச் சேர அழுத்தம் உயர்ந்தே ஆக வேண்டும், அதைக் குறைக்கப் போனால்தான் ஆபத்து என்று 1930களில் பேர்பெற்ற இருதய மருத்துவர்களே எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குறைக்க உருப்படியான மருந்து எதுவும் அப்போது இல்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கதையை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் சொன்னார். ஜனாதிபதியின் சொந்த மருத்துவர் காது மூக்கு தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இருதய மருத்துவர் பார்த்தபோது பிரஷர் 186க்கு 108. இருதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் குழாய் வெடித்து ரூஸ்வெல்ட் இறந்தார். அந்த நேரத்தில் அளந்த எண் 300க்கு 190. உலகத்திலேயே அதிகமான மருத்துவ வசதி சூழ்ந்திருந்த மனிதர். எங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேர்ந்தது. மூன்று வருஷம் கழித்து, 1948ல், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வாதம் வருகிறது, வருவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக் குறித்தார்கள்.

மருந்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரைக் கொடுத்துப் பிரஷரைக் குறைத்த அனுபவத்தை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் எழுதினார். அதற்குப் பிறகுதான் மேல்நாடுகள் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தன. 1958ல் சிறுநீரைப் பெருக்கும் தயாசைடு மாத்திரை வந்தது. ஆனால் மாத்திரை எண்ணைக் குறைக்கிறது என்பது வேறு, ஆளைக் காப்பாற்றுகிறது என்பது வேறு. அந்த இரண்டாவது கேள்விக்கு 1967ல்தான் பதில் வந்தது. எட்வர்ட் ஃபிரைஸ் என்பவர் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 143 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குப் பெரிய கேடு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் முதல் தடவை படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருந்து இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது? பிரஷர் உள்ளவருக்கு. யாருக்கு இருக்கிறது? அவருக்கே தெரியாது. வலிக்காது, குத்தாது, காய்ச்சலடிக்காது. ஆகவே டாக்டரிடம் வரமாட்டார். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு சுரங்கக் கிராமத்து டாக்டர்.

அவரிடம் வருமுன், நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் 1973ல் இங்கிலாந்து வந்தேன். அறுவை மருத்துவராக வேண்டும் என்று ஆசை. நேர்முகத்துக்கு அழைப்பு வரும். ரயில் பிடித்துப் போய் நிற்பேன். என் முகத்தைப் பார்த்ததும், இடம் நிரம்பிவிட்டது, கடிதம் போட மறந்துவிட்டோம் என்பார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் இதே பதிலை இரண்டு தடவை கேட்டேன். கடைசியில் முதியோர் வார்டில் வேலை பார்த்துவிட்டு, 1978ல் தெற்கு வேல்ஸுக்கு வந்தேன். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் பொதுமருத்துவர் வேலைக்கு விளம்பரம் செய்து ஆள் கிடைக்காமல் இருந்தது. உள்ளூர் டாக்டர்கள் வரத் தயங்கிய அந்தப் பள்ளத்தாக்குகளில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த எங்களைப் போன்றவர்கள்தான் பெரும்பங்கு வேலையைத் தூக்கிச் சுமந்தார்கள்.

இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒரு சிற்றாறு, ஒரு சாலை. சாலையோரம் சுவரோடு சுவராக ஒட்டிய கல்வீடுகள் வரிசை வரிசையாக மலையேறிப் போகும். மலை உச்சியில் சுரங்கக் கழிவு கருப்பாகக் குவிந்து கிடக்கும். ஆண்களில் பாதிப் பேருக்கு நெஞ்சில் நிலக்கரித் தூசி. அறையில் காத்திருக்கும்போதே அந்த இருமலை வைத்து யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாள் எங்கள் ரிசப்ஷனிஸ்ட். அவளும் அந்த ஊர்க்காரிதான். அவளுக்குத் தெரியாத வீடு கிடையாது. அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் சொன்ன அந்த டாக்டரின் ஊர் கிளின்கோரூக், ஆவன் பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் கிராமம். அதற்கு மேல் சாலை கிடையாது. அப்போது சுமார் 2,000 பேர். டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் லண்டனில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், கம்யூனிஸ்ட். அவர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த வருஷம் 1961. எங்கள் அப்பா விழுந்த வருஷம். அவரை நான் சந்தித்துப் பேசியதில்லை. எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன்; அவர் செய்ததை நானும் செய்து பார்த்திருக்கிறேன்.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஆர்ச்சி காக்ரன். 1950களின் தொடக்கத்தில் ரோந்தா ஃபாக் என்ற பள்ளத்தாக்கில் தூசி நோயையும் காசநோயையும் கண்டறிய, வீடு வீடாகப் பட்டியல் போட்டு, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மக்களை எக்ஸ்ரே முன்னால் நிறுத்தியவர். வராத ஆள் யார் என்பதுதான் அவருடைய ஆய்வின் உயிர்நாடி. வந்தவர்களை மட்டும் பார்த்து எழுதினால் ஊரைப் பற்றி எதுவும் தெரியாது என்பார். டியூடர் ஹார்ட் கிளின்கோரூக்குக்கு வருமுன் காக்ரனிடம் வேலை பார்த்தவர். அந்தப் பாடத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துத் தன் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்.

1968ல் தொடங்கினார். 20 வயதிலிருந்து 64 வயது வரை கிராமத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்ப்பது. தனி முகாம் இல்லை, பந்தல் இல்லை, நோட்டீஸ் இல்லை. சளிக்கு வந்தாலும், சுளுக்குக்கு வந்தாலும், லீவு சர்ட்டிபிகேட்டுக்கு வந்தாலும், வந்த காரியம் முடிந்ததும் ‘சட்டைக் கையை மடக்குங்கள்’ என்பார். ஒரு தடவை எண் கூடியிருந்தால் மாத்திரை எழுதிவிடமாட்டார். வேறு வேறு நாள் வரச்சொல்லி மூன்று தடவை பார்ப்பார். பிரிட்டனில் ஒவ்வொருவரும் ஒரு பொதுமருத்துவரிடம் பேர் பதிந்திருப்பார்கள். ஆகவே டாக்டரிடம் ஊரின் முழுப் பட்டியலும் இருக்கும். ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சில வருஷத்துக்குள் ஏறத்தாழ எல்லோருமே அந்த வாசற்படியை மிதித்துவிடுவார்கள். மிதிக்காதவர் யார் என்பதும் அதே பட்டியலில் தெரியும். அவரைத் தேடிப் போக வேண்டும். 1970ல் லான்செட் இதழில் இதை எழுதினார். ஓர் ஊரில் உள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் ஒரு பொதுமருத்துவர் வழக்கமான வேலையோடு வேலையாகப் பிரஷர் பார்த்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

அந்த 1970ல்தான் கிளின்கோரூக் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு மறு வருஷம் அவர் எழுதிய கட்டுரைதான் உலகப் பேர் பெற்றது. எந்த ஊருக்கு மருத்துவம் அதிகமாகத் தேவைப்படுகிறதோ அந்த ஊருக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட்டால் இந்தத் தலைகீழ் இன்னும் மோசமாகும் என்றது அந்தக் கட்டுரை. கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஆயிரம் பேர். அதை எழுதியவர் தினமும் காலையில் பாதரசக் குழாயின் முன் குனிந்து உட்கார்ந்த மனிதர் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு.

கிளின்கோரூக் கிளினிக்கின் இருபத்தைந்து வருஷக் கணக்கை 1991ல் வெளியிட்டார்கள். கூடுதல் பிரஷர் என்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் சராசரி 186க்கு 110. உயிரோடு இருந்தவர்களுக்கு 1987ல் 146க்கு 84. அவர்களில் புகைபிடித்தவர்கள் 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். இந்த மாதிரி வேலை நடக்காத பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டால், 65 வயதுக்குள் நேர்ந்த சாவுகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. சின்ன ஊர், சின்ன எண்கள். இதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பது சரியே. ஆனால் இன்னொரு காரியமும் செய்தார். தன் ஊரில் அடுத்தடுத்து நடந்த 500 சாவுகளை எடுத்துக்கொண்டு, இது தவிர்த்திருக்கக் கூடியதா, தவறியது நோயாளியா, ஆஸ்பத்திரியா, தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தன் பங்கையும் சேர்த்து 1987ல் அச்சில் போட்டார். அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. எங்கள் ஊர்ச் சாவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அச்சுக்குக் கொடுக்கவில்லை.

நான் சேர்ந்தபோது எங்கள் கிளினிக்கில் நோயாளிகளின் குறிப்புகள் லாயிட் ஜார்ஜ் உறைகளில் இருந்தன. 1911ல் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த அமைச்சரின் பேர் அந்த உறைக்கு. உள்ளங்கை அகலமுள்ள பழுப்பு அட்டை உறை. அதற்குள் மடித்து மடித்துத் திணித்த காகிதங்கள். ஒருவருடைய முழு ஆயுளும் அதற்குள் இருக்கும், தேடினால் எதுவும் கிடைக்காது. முதல் குளிர்காலம் முழுக்க ரிசப்ஷனிஸ்டும் நானும் மாலையில் உட்கார்ந்து அந்த உறைகளைப் பிரித்து அடுக்கினோம். பிரஷர் பார்த்தாயிற்று என்றால் உறையின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு கோடு. கூடுதல் என்றால் நீல ஸ்டிக்கர். கோடு இல்லாத உறை யாருடையதோ அவர் வந்தால், உறையைக் குறுக்காகத் திருப்பி என் மேசைமேல் வைப்பாள். குறுக்கே கிடக்கும் உறையைப் பார்த்ததும் என் கை பட்டைக்குப் போய்விடும். எங்களிடம் இருந்த ‘கணினி’ அதுதான்.

1981 மாசியில் ஒருவர் விரல் காயத்தோடு வந்தார். சுரங்கத்தில் சங்கிலியில் மாட்டி நடுவிரல் நுனி கிழிந்திருந்தது. நாற்பத்தாறு வயது, கட்டுமஸ்தான ஆள். எட்டு வருஷமாக டாக்டரிடமே வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். நான்கு தையல் போட்டேன். உறை குறுக்கே கிடந்தது. இன்னொரு கையை நீட்டச் சொன்னேன். ‘விரல் இந்தக் கையில்தானே டாக்டர்?’ என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டார். முன்கை முழுக்க நீலத் தழும்புகள். சுரங்கத்தில் காயம் படும்போது கரித்தூள் உள்ளே போய்த் தோல் அதன்மேல் மூடிக்கொள்ளும். பச்சை குத்தியது மாதிரி சாகும்வரை இருக்கும். அந்தத் தழும்புகளுக்கு மேலே பட்டையைச் சுற்றிப் பந்தை அமுக்கினேன். 180ல் சத்தம் இன்னும் கேட்டது. மேலே ஏற்றினேன். 200லும் கேட்டது. 218ல்தான் ஆரம்பம். அடங்கியது 126ல். நான் ஒன்றும் சொல்லாமல் பட்டையைக் கழற்றிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி சுற்றினேன். அதே எண்.

‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்று மூன்று தடவை சொன்னார். நம்பவைக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. தயாசைடு மாத்திரையோடு தொடங்கி, பிறகு இன்னொன்றும் சேர்த்தோம். அவருடைய மனைவி உப்புப் பன்றிக்கறியைக் குறைத்தார். அவர் தினமும் இருபது சிகரெட்டை ஐந்தாக்கி, பிறகு விட்டார். நான் ஓய்வுபெற்ற 2010ல் அவருக்கு வயது 75. பேரனோடு வந்து வாசலில் நின்று கைகுலுக்கினார். அப்பாவின் நினைவு வராமல் அவர் கையைப் பிடிக்க என்னால் முடிந்ததே இல்லை.

எல்லாம் இப்படியே நடந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும். பட்டியலில் கடைசியாக மிஞ்சிய பதினொரு பேரில் ஒருவருக்கு மூன்று கடிதம் போட்டோம். பதில் இல்லை. வரவிருப்பமில்லை போலும் என்று நான் விட்டுவிட்டேன். ஒரு வருஷத்துக்குள் காலையில் காலணி மாட்டும்போது சரிந்து இறந்தார். ஐம்பத்து மூன்று வயது. இறந்ததை உறுதிசெய்ய அந்த வீட்டுக்குப் போனேன். கணப்பின் மேல் விளிம்பில் ஒரு கடிகாரம். அதன் பின்னால் எங்கள் மூன்று கடிதங்களும் பிரிக்காமல் நின்றன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ரிசப்ஷனிஸ்ட் திரும்பி வரும் வழியில் சொன்னாள். ‘நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே டாக்டர்’ என்றாள். அன்றிலிருந்து கடிதத்தை நம்பவில்லை. மிஞ்சிய பேர்களை அவளிடம் கொடுத்தேன். ரொட்டிக் கடையில், தேவாலய வாசலில், அவரவர் அம்மாமார்களிடம் சொல்லி ஒவ்வொருவராக அவளே கூட்டி வந்தாள். 1984ல் சுரங்க வேலைநிறுத்தம் நடந்த வருஷம், தொழிலாளர் நலக்கூடத்தில் உணவுப்பொட்டலம் வாங்க ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வரிசையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கூடத்தில்தான் பாக்கி நாலு பேர் சிக்கினார்கள்.

கூடுதல் பிரஷர் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது இருப்பது தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர்தான் மருந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கும். இந்தப் ‘பாதிகளின் விதி’யை டியூடர் ஹார்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். கணக்குப் போட்டால் எட்டில் ஒருவர்தான் தேறுவார். ஒரு தடவை அளப்பது முதல் பாதியை மட்டும்தான் சரிசெய்யும். மற்ற இரண்டு பாதிகளுக்கும் அதே ஆளை இருபது வருஷம் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் பிரஷர் பார்க்கும் இந்த வழக்கத்தை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டபோது பாதி மறந்துபோனது. 1990ல் பொதுமருத்துவர்களுக்குப் புது ஒப்பந்தம் வந்தது; நோய்த்தடுப்பு கிளினிக் நடத்தினால், ஒரு கிளினிக்குக்கு இவ்வளவு என்று பணம். வசதியான ஊர்களில் கிளினிக் நடத்துவது சுலபம், வருகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கம் பணம் குறைவாகவே வந்தது. 1993ல் அதைக் கைவிட்டார்கள். 1994ல் நர்சுகள் நடத்திய பரிசோதனைகள் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. கிடைத்த நன்மை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 2009லிருந்து இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இருதயப் பரிசோதனைக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். இந்த மாதிரி அழைப்புப் பரிசோதனைகளால் சாவு குறைவதாகத் தெரியவில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2012லும் 2014லும் எழுதினார்கள். அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்து, நாள் குறித்து, சரியான நேரத்துக்கு வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் எப்படியும் பிழைத்துக்கொள்பவர். கடிகாரத்துக்குப் பின்னால் கடிதத்தைச் செருகி வைத்தவர் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

டியூடர் ஹார்ட் 2018 ஜூலை முதல் தேதி, 91 வயதில் காலமானார்.

2023 தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் இப்போது விருதுநகர் மாவட்டம். 2007 வாக்கில் பிரஷரைக் கண்டறியும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு சோதனையாகத் தொடங்கியபோது எடுத்த மாவட்டங்களில் சிவகங்கையோடு இதுவும் ஒன்று. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபிறகு வீட்டுக்கே ஆள் வருகிறது என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் பை. பையிலிருந்து பாட்டரியில் ஓடும் சின்னக் கருவியை எடுத்தாள்.

‘பெரியம்மா, சாப்டு எவ்வளவு நேரமாச்சு? காலைத் தொங்கப் போட்டு சாஞ்சு உக்காருங்க. பேசக் கூடாது.’

அக்கா பேசாமல் உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டையை முழங்கைக்கு இரண்டு விரல் மேலே சரியாகச் சுற்றினாள். கையை நாற்காலிக் கைப்பிடியில் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்தாள். 138க்கு 82. நோட்டில் எழுதி, இரண்டு அட்டை மாத்திரையைக் கொடுத்து, தீரும் தேதியையும் சொன்னாள். நான் டாக்டர் என்று சொல்லவில்லை. எனக்கும் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினேன்.

முடித்துவிட்டு நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

‘பெரியம்மா, அண்ணன் எங்க? போன தடவையும் அதுக்கு முந்துன தடவையும் ஆளு சிக்கல.’

அக்காவின் மகனைத்தான் அந்தப் பெண் கேட்டாள். அவனுக்கு அந்த வருஷம் 51.

‘அவனுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கான். பஸ் ஸ்டாப்புல டீக்கடையில நிப்பான்.’

‘அங்க ரெண்டு கடை இருக்கே. எந்தக் கடை?’ என்று கேட்டுக்கொண்டே கருவியைப் பைக்குள் வைத்தாள். அக்கா சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடையைக் காட்டுவதற்காகக் கூடவே நடந்தேன்.